நட்சத்திரம் போட்ட வரிகள்

"பழைய இரும்பு, பழைய பேப்பர், பழைய பேட்டரி, பழைய கம்ப்யூட்டர், ஓடாத மிக்சி, ஓடாத கிரைண்டர் எடுத்துக்கொள்ளப்படும்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே எங்கள் தெருவுக்குள் ஒரு லோடு ஆட்டோ வருகிறது. ஓட்டுகிறவர் வாயே திறப்பதில்லை. எப்போதோ யாரோ ஒரு பெண் பேசிப் பதிவுசெய்த குரல்தான் ஊர் ஊராகப் போகிறது. பாபநாசம் கடைத்தெருவில் ஆரம்பித்து எங்கள் வாசலுக்கு வரும்போது அது சரியாக 'ஓடாத' என்ற இடத்துக்கு வந்து சேரும். என் மனைவி அப்போது என்னை ஒரு பார்வை பார்ப்பாள். ஐம்பதைத் தாண்டி, கம்பெனி 'போதும், கிளம்புங்கள்' என்று வீட்டுக்கு அனுப்பிவைத்த ஒரு சாஃப்ட்வேர்க்காரனை வேறு எப்படித்தான் பார்ப்பது? நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

இந்தத் தை மாதத்திலிருந்து அப்படிச் சிரிக்க முடியவில்லை. 'பழைய கம்ப்யூட்டர்' என்று அந்தக் குரல் சொல்லும்போதே எழுந்து கொல்லைப்பக்கம் போய் எதையாவது நோண்டிக்கொண்டு நிற்கிறேன். ஏன் என்று உங்களிடம் சொல்ல வேண்டும். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை வேலையிலிருந்து அனுப்பியது ஒரு வீடியோ கால். என் மகள் வயதுப் பெண் ஒருத்தி, 'உங்கள் பயணத்துக்கு எங்கள் நன்றி' என்று எழுதிவைத்ததைப் பார்த்துப் படித்தாள். நான் எங்கும் பயணம் போகவில்லையே, இந்த நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் எனக்கு இருந்த ஒரே வேலை, எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஏஐக்குப் புரியும்படி எழுதிக்கொடுப்பது. தென்னை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு அடியை நானே வெட்டிக்கொடுத்த மாதிரி. அதற்காக இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்களும் ஒரு காலத்தில் டெல்டா முழுக்க ரைஸ் மில் ரைஸ் மில்லாகப் போய், கணக்கு எழுதிப் பிழைத்தவர்கள் வயிற்றில் அடித்தவர்கள்தாம். அப்போது அதற்கு முன்னேற்றம் என்று பெயர். இப்போது நம் முறை வந்ததும் அநியாயம் என்று கூச்சல் போட்டால் எப்படி?

எனக்குக் கோபம் வேறு இடத்தில் வருகிறது. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகப் பதிவுசெய்யச் செயலி இருக்கிறது, குறுஞ்செய்தி வருகிறது, எல்லாம் சரி. மழை வந்தால் அந்த நெல்லை மூடத் தார்ப்பாய் இருப்பதில்லை. குவியலில் முளைவிட்ட நெல்லைப் போட்டோ எடுத்து அதே செல்போனில் எனக்கு அனுப்புகிறார்கள். நான் என்ன செய்வேன்? இந்த மாதிரி விஷயங்களைத் திட்டுவதற்கு எனக்கு ஒருவன் இருந்தான். அவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

இன்று காலையில் கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். விழுந்ததெல்லாம் நரைமுடி. முன்பெல்லாம் தட்டினால் தவிடு கொட்டும். பொன்னிறத்தில், மாவு மாதிரி, லேசான இனிப்பு வாசனையோடு கொட்டும். மில்லில் எந்த மூலையில் கம்ப்யூட்டரை வைத்தாலும், எத்தனை துணி போட்டு மூடினாலும் தவிடு உள்ளே போய்விடும். அதோடு நெல் அவிக்கிற வாசனையும் சேர்ந்துகொள்ளும். அந்த வாசனை சட்டையில் ஏறினால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் 'எந்த மில்லுல வேலை?' என்று கேட்பார். 'கம்ப்யூட்டர்ல வேலை' என்றால் நம்பமாட்டார்.

தஞ்சாவூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஸ்டேஷன் என்று எழுதிவிட்டேன், தஞ்சாவூர்க்காரர்கள் ரயிலடி என்றுதான் சொல்வோம். முன்னறையில் மாணவர்களுக்கு வகுப்பு. பின்னறையில், ஓரத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அரிசி ஆலைகளுக்குப் புரோகிராம் எழுத. நெல் எவ்வளவு வந்தது, ஈரத்துக்குக் கழிவு எவ்வளவு, அரைத்ததில் அரிசி எவ்வளவு, குருணை எவ்வளவு, தவிடு எவ்வளவு என்று எல்லாவற்றையும் போட்டுப் பில் அடிக்கும் புரோகிராம். எழுத இரண்டு பேர். நானும் மதியழகனும். மெஷின் ஒன்றுதான், ஆகவே முறை போட்டுக்கொண்டோம். நான் கிழக்கே பாபநாசத்திலிருந்து காலை வண்டியில் வந்து மத்தியானம்வரை உட்காருவேன். அவன் மேற்கே பூதலூரிலிருந்து மத்தியான பாசஞ்சரில் வந்து சாயங்காலம்வரை உட்காருவான். அவன் வண்டி தினமும் தாமதம். நான் ஊர் திரும்புகிற வண்டியோ காத்திருக்காது. ஆகவே ஒரே நாற்காலியில் உட்கார்ந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது குறைவு. நான் எழுந்த நாற்காலியின் சூடு ஆறும் முன்பு அவன் வந்து உட்காருவான் என்று சொல்லலாம், பாசஞ்சர் சரியாக வந்தால்.

அவன் அப்பா அம்மா இரண்டு பேரும் பூதலூர்ப் பக்கம் கூலி வேலை பார்த்தவர்கள். அம்மா நடவு நட்டுப் படிக்கவைத்த பிள்ளை. நாங்கள் குத்தகைக்கு நிலம் வைத்திருந்த குடும்பம், பெரிய பண்ணையெல்லாம் இல்லை. ஆனாலும் அவன் முதல்முறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, எந்தத் தட்டை எடுப்பது என்று என் அம்மா ஒரு நொடி தயங்கினார். அதை நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் அதற்கு அவன் எழுதிய பதில் ஒரே வரி. 'அம்மா வச்ச வத்தக்குழம்பு நல்லாருந்துச்சு.' எங்கே எழுதினான் என்பதைச் சொன்னால்தான் இந்தக் கதை உங்களுக்குப் புரியும்.

அந்தக் காலத்தில் நாங்கள் எழுதிய கம்ப்யூட்டர் மொழியில், ஒரு வரியின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் மெஷின் அந்த வரியைப் படிக்காது. தாண்டிப் போய்விடும். பின்னால் வந்து படிக்கிற ஆளுக்கு, இந்த இடத்தில் என்ன செய்திருக்கிறேன் என்று விளக்கம் எழுதிவைக்க அந்த ஏற்பாடு. கமெண்ட் என்பார்கள். இப்போதும் எல்லா மொழியிலும் உண்டு, குறிதான் வேறு. பின்னால் வந்து படிக்கிற ஆள் எனக்கு அவன், அவனுக்கு நான். கையில் செல்போன் இல்லை, பேச நேரமும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் அங்கேயே எழுதிக்கொண்டோம். ஆங்கில எழுத்தில் தமிழ். உங்கள் வசதிக்காக இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

முதலில் வேலை விஷயம்தான். 'இந்த வரியத் தொடாத. முதலாளி கண்ணு முன்னாடி ஒருதரம் சரியா ஓடிடுச்சு. அது போதும்.' அப்புறம் மெல்ல மெல்ல மற்றதெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் அவன் எழுதியிருந்தான்: 'வண்டி லேட்டு. பசி. டிராயர்ல இருந்த வடையத் தின்னுட்டேன்.' மறுநாள் காலை நான் கீழே எழுதினேன்: 'அது எலிப்பொறிக்கு வாங்கி வச்சது. உடம்பு எப்படி இருக்கு?' அதற்கு அவன் பதில்: 'எலி குடுத்து வச்சது. வடை நல்லால்ல.' இந்த மூன்று வரியும் ஈரக்கழிவுக் கணக்குக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, அந்தப் புரோகிராமை வாங்கிய எல்லா மில்லுக்கும் போய்ச் சேர்ந்தன. மெஷின் படிக்காது, மில்லுக்காரரும் படிக்கமாட்டார். எங்களுக்கு மட்டும் தெரியும்.

நேரில் அவன் பேச்சு என்றால் 'ம்', 'சரி', 'பாப்பம்' அவ்வளவுதான். ரயிலடி டீக்கடையில் எப்போதாவது மாட்டிக்கொண்டால் நான் ஒருவனே பேசிக்கொண்டிருப்பேன். அவன் டீயைப் பார்த்துக்கொண்டிருப்பான். நட்சத்திரம் போட்டுவிட்டால் மட்டும் அவனுக்கு வாய் வந்துவிடும். யாரும் தன் முகத்தைப் பார்க்கவில்லை என்ற தைரியமோ என்னவோ.

ஆயுத பூஜை ஒன்று ஞாபகம் வருகிறது. பூதலூர்ப் பக்கம் இருந்த மில்லில் எங்கள் புரோகிராம் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. தராசு, மோட்டார், அரவை மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, புதிதாக வந்த கம்ப்யூட்டருக்கு என்ன மரியாதை செய்வது என்று மில் கணக்கர் ராமலிங்கம் யோசித்தார். மனசு நிறையப் பொட்டு வைத்தார். மாலை போட்டார். பிறகு, நைவேத்தியம் அதற்கும் சேர வேண்டாமா என்று, பிளாப்பி போடும் வாய்க்குள் கொஞ்சம் பொரியையும் கடலையையும் போட்டார். விஜயதசமி அன்று மெஷினைத் திறந்தால் கடகடவென்று ஒரு சத்தம். மதிதான் போய் ஸ்க்ரூவைக் கழற்றி, பொரியையெல்லாம் ஊதி எடுத்துவிட்டு வந்தான். அன்றைய நட்சத்திர வரி: 'மெஷின் நல்லா சாப்புடுது. கடலைய மட்டும் ஒதுக்கிடுச்சு.' அன்று வைத்த குங்குமம் அந்த மெஷினின் நெற்றியில் சாயமாகவே ஏறிவிட்டது. அதற்குப் பிறகு மில்லில் கம்ப்யூட்டர் மாறியபோதெல்லாம் புது மெஷினுக்கும் அதே இடத்தில் பொட்டு வைத்தார்கள். வருஷா வருஷம் வைத்து வைத்து, எல்லாவற்றுக்கும் நெற்றியில் ஒரு சிவப்புக் கறை.

அவனுக்குக் கல்யாணம் ஆகிப் பெண் குழந்தை பிறந்த அன்று நான் காலையில் வந்து மெஷினைத் திறக்கிறேன். முந்தைய நாள் எழுதிய பகுதியின் தலையில் இருந்தது: 'மாப்ள, பொண்ணு பொறந்திருக்கு. இன்னைக்கு எழுதுனதுல தப்பு இருந்தா நீயே திருத்திக்க. எனக்கு ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியல.' தப்பு இருந்தது, நிறையவே இருந்தது. கழிவைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருந்தான். நான் திருத்தினேன். அந்த வரியை மட்டும் தொடவில்லை. தேன்மொழி என்று பெயர் வைத்தார்கள்.

கொஞ்ச நாளில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. எல்லோரும் போன நேரம் அது. அவனையும் கூப்பிட்டேன், ரயிலடியில் வைத்து.

"வாடா மாப்ள. ரெண்டு பேரும் போவம். நீ என்னவிட நல்லா எழுதுற."

"அம்மா இருக்காங்க. மில்லுக்காரங்கள்லாம் இருக்காங்க. அப்படியே விட்டுட்டு வர முடியுமா?"

"அப்புறமா வர்றியா?"

"பாப்பம்."

வரவில்லை. நான் சென்னை, பிறகு அமெரிக்கா, பிறகு மறுபடி சென்னை என்று சுற்றினேன். கம்ப்யூட்டர் சென்டரை மூடினார்கள். மதி ஒரு மொபெட்டில் மில் மில்லாகப் போய் அந்தப் பழைய புரோகிராமைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். சென்னையிலும் அமெரிக்காவிலும் நான் பார்த்த வேலைகளில் பாதிக்கு என்ன பயன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காலையில் நின்றுகொண்டே ஒரு மீட்டிங், அதில் பேசியதைப் பற்றி உட்கார்ந்துகொண்டு ஒரு மீட்டிங். வருஷக்கணக்கில் எழுதிய ஒன்றை, வெளியே விடாமலே ஒருநாள் கைவிட்டார்கள். மதி எழுதியது தினமும் பில் அடித்தது. அதை நம்பி லாரி கிளம்பியது. எனக்கு அவன்மேல் பொறாமை உண்டு என்று சொன்னால் சிரிப்பான். சிரித்திருப்பான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது அந்தப் பூதலூர் மில்லுக்குப் போனேன். அவன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். முடி கொட்டியிருந்தது, மூக்கில் கண்ணாடி நழுவியது. ராமலிங்கம் டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் மதியின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். என்ன சொல்வேன். நட்சத்திர வரிகள் இருந்தன. பழையவை மட்டும் இல்லை. நான் போன பிறகும் எழுதியிருக்கிறான், வருஷக்கணக்கில், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு.

'மாப்ள, கவர்மெண்டு புது வரி போட்டிருக்கு. பழைய பில்லையும் வச்சிக்கணுமாம். ரெண்டையும் நாந்தான் கட்டிக்கிட்டு அழுவுறேன்.' அதற்குக் கீழே, 'மாப்ள, புயல்ல வீட்டு ஓடெல்லாம் போயிடுச்சு. வீட்டுல இருந்த கம்ப்யூட்டர் ஊறிப்போச்சு. இனிமே மில்லுல இருக்குறது மட்டுந்தான் மிச்சம்.'

"ஏன்டா, நான் அமெரிக்காவுல கெடந்தேன். எனக்கா எழுதுன?"

"வேற யாருக்கு எழுதுறது. பழகிப்போச்சு."

நான் இன்னும் கீழே படித்தேன். 'தேனு இன்னைக்கு பெங்களூர் போறா. வேலை கெடச்சிருக்கு. ரயிலடி வரைக்கும் போனேன். அவகிட்ட சொல்ல நெனச்சது' என்று இருந்தது. அதற்குமேலும் இருந்தது. இரண்டு மூன்று வரி நீளம் இருக்கும். அதற்குள் அவன் உள்ளங்கையை விரித்து ஸ்கிரீனில் வைத்து மறைத்துவிட்டான். அந்த வயதில் அவன் முகம் சிவந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு.

"அதெல்லாம் படிக்காத. வா, டீ வந்துடுச்சு."

போய் டீ குடித்தோம். தண்ணீர் எப்போது கடைமடைக்கு வரும், யார் யார் நிலத்தை விற்றார்கள், ட்ரோனில் மருந்தடித்தால் பக்கத்து வயல்காரன் சண்டைக்கு வருவானா என்று பேசினோம். நான் பேசினேன். அவன் டீயைப் பார்த்தான்.

போன ஐப்பசி அடைமழையில் மதி போய்விட்டான். நெஞ்சு வலி என்று சொல்லி, தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள். நான் சென்னையில் என் வேலையை ஏஐக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த கடைசி வாரம் அது. அடித்துப் பிடித்து வந்தும் சுடுகாட்டில்தான் பார்க்க முடிந்தது. தேன்மொழியைத் தூரத்தில் பார்த்தேன். பேசுகிற நிலையில் அவளும் இல்லை, நானும் இல்லை.

தேன்மொழியும் எங்கள் தொழில்தான். செல்போன் செயலிகள் எழுதுகிறாள். அப்பா போனதும் மில்லில் பில் போட முடியாமல் தவித்திருக்கிறார்கள். புது வரி விகிதத்துக்குத் தகுந்தபடி ஒரு எண்ணை மாற்ற வேண்டும் என்றால்கூட ஆள் இல்லை. ராமலிங்கம் போன் போட்டு, "உங்கப்பா இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும்மா" என்று சொல்லியிருக்கிறார். அவள் மார்கழியில் லீவு போட்டுவிட்டு வந்து, காசு எதுவும் வேண்டாம், அப்பாவுக்காகச் செய்கிறேன் என்று, பழைய புரோகிராம் முழுவதையும் தன் லேப்டாப்பில் ஏற்றி, ஏஐயிடம் கொடுத்துப் புதிய மொழிக்கு மாற்றிவிட்டாள். நானும் அவனும் பல வருஷம் எழுதியதை அது ஒரு மத்தியானத்தில் எழுதி முடித்தது. இப்போது மில்லில் எல்லோர் செல்போனிலும் ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது, நானே பார்த்தேன்.

மாட்டுப்பொங்கல் கழித்து எனக்குப் போன் செய்தாள். குரலில் சந்தோஷம் இருந்தது. அப்பா வேலையைக் காப்பாற்றிவிட்டேன் மாமா என்றாள். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போய், சட்டென்று அழுதுவிட்டாள்.

"அப்பா எங்கிட்ட ஒண்ணுமே பேசுனதில்ல மாமா. வேலை கெடச்சிடுச்சுன்னு ஓடிவந்து சொன்னேன். 'சரி'ன்னாரு. பெங்களூருக்கு வண்டி ஏத்திவிட வந்தாரு. பொட்டிய வச்சிட்டு எறங்கிப் போயிட்டாரு. என்னப் பத்தி என்ன நெனச்சாருன்னே எனக்குத் தெரியாது."

"அப்படிச் சொல்லாதம்மா. அவன் நேர்ல பேசமாட்டான். எல்லாத்தயும் கமெண்ட்ல எழுதிவச்சிருக்கான். நீ பொறந்தது, நீ பெங்களூர் போனது, எல்லாம். நீ பாத்திருப்பியே."

அவள் அழுகை நின்றது.

"எந்தக் கமெண்ட் மாமா?"

அவள் படிக்கவில்லை. யார்தான் படிப்பார்கள். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடுகிற ஸ்கிரீனில் நடுநடுவே ஆங்கில எழுத்தில் ஏதோ கிறுக்கல். தேவையற்ற கமெண்டுகளை நீக்கிவிடட்டுமா என்று ஏஐ கேட்டது, சரி என்று கொடுத்தேன் என்றாள். வேலை முடிந்ததும் பழைய கோப்புகளை அழித்துவிடட்டுமா என்று கேட்டது, அதற்கும் சரி என்று கொடுத்திருக்கிறாள். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். ஒரு நாளில் எத்தனை கேள்விக்கு நாம் சரி கொடுக்கிறோம், எதையாவது படித்தா கொடுக்கிறோம்?

"மில்லு கம்ப்யூட்டர்ல இருக்கும்மா. மத்த மில்லுலல்லாம் எப்பவோ வேற புரோகிராமுக்கு மாறிட்டாங்க, அதுலதான் மூலமே இருக்கு. பயப்படாத, நான் போறேன்" என்றேன்.

அவள் அன்றைக்கே வண்டி ஏறிவிட்டாள். மறுநாள் காலை ரயிலடியில் இறங்கியவளை அழைத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். பொங்கலுக்கு வெள்ளையடித்து மில் பளிச்சென்று இருந்தது. கம்ப்யூட்டர் இருந்த மேசையில் ஒரு பூச்சாடி இருந்தது. ராமலிங்கம் ஓடிவந்து எங்களை உட்காரவைத்தார். நல்ல மனுஷர். எதற்கு வந்தோம் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

"போகிக்கு மில்லக் கழுவுனோம் தம்பி. பழசெல்லாம் ஒதுக்கணும்ல. பாப்பாவோட புதுசுதான் வந்துடுச்சேன்னு, ஆட்டோக்காரன்ட்ட போட்டுட்டோம்." சுவரோரம் ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட் இருந்தது. அதற்குப் பதிலாகக் கொடுத்தானாம். ஏதோ தப்பைக் குறைக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "சும்மா குடுக்கல. வருசா வருசம் பூஜை பண்ண மெஷினு. சந்தனம் குங்குமம் எல்லாத்தயும் சோப்புத்தண்ணி போட்டுக் கறைகூட இல்லாம தொடச்சு, ஒருதரம் கும்புட்டுத்தான் குடுத்தேன்."

தஞ்சாவூர் புறவழிச்சாலையில் பழைய சாமான் எடுக்கிற கிடங்குகளுக்குப் போனோம். ஒரு கிடங்கில் கம்ப்யூட்டர்கள் வீட்டு உயரத்துக்குக் குவிந்திருந்தன. போகிக்கு வந்ததுதான் எல்லாம் என்றார்கள். எல்லாம் ஒரே மாதிரி, அழுக்கு வெள்ளை நிறம். தேன்மொழி ஒவ்வொன்றாக இழுத்து, துப்பட்டாவால் துடைத்து, நெற்றியைப் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. குங்குமக் கறையைத் தேடுகிறாள். அதைத்தான் துடைத்துவிட்டார்களே அம்மா என்று என் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. பாதிக்கு மேல் உள்ளே இருந்த டிஸ்கைக் கழற்றிவிட்டார்கள், அதெல்லாம் லாரி ஏறிவிட்டது என்றார் கிடங்குக்காரர். அவள் அந்தக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். என் நெஞ்சு அன்று உடைந்ததுதான், இன்னும் சேரவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்கிறாள். "வேற என்ன எழுதியிருந்தாரு மாமா?" எனக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் சொன்னேன். எலிப்பொறி வடையைச் சொன்னேன், சிரித்தாள். பொரியைச் சொன்னேன். என் அம்மாவின் தட்டையும் வத்தக்குழம்பையும் சொன்னேன். அவள் பிறந்த அன்றைய வரியைச் சொன்னபோது, திரும்பச் சொல்லுங்கள், திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வாரமும் தோண்டித் தோண்டி எடுத்தேன். ஒரு வாரம் எதுவும் மிச்சமில்லை. அவன் நடை எனக்கு அத்துப்படி. நானே ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரியவே தெரியாது. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. கடைசியில், சொல்லாமல் வைத்திருந்த அந்த அரை வரியைச் சொன்னேன்.

"தேனு இன்னைக்கு பெங்களூர் போறா. வேலை கெடச்சிருக்கு. ரயிலடி வரைக்கும் போனேன். அவகிட்ட சொல்ல நெனச்சது..."

"அப்புறம் மாமா?"

"அவ்வளவுதாம்மா பாத்தேன். கைய வச்சு மறச்சிட்டான்."

"சரி மாமா" என்றாள். அவன் சொல்கிற அதே 'சரி'.

கம்ப்யூட்டர் சென்டர் இருந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். எங்கள் டீக்கடை இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். எங்கள் புரோகிராம் வைத்திருந்த மில்களில் பாதி கல்யாண மண்டபமாகவும் பெட்ரோல் பங்க்காகவும் ஆகிவிட்டன. அதெல்லாம் போகட்டும், போகிறது போகும். ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் பேசியது மொத்தமும் ஒரு நீல பக்கெட்டுக்குப் போய்விட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புதிய புரோகிராமில் அந்த அரை வரியை மட்டும் தேன்மொழி எழுதிவைத்திருக்கிறாள். புதிய மொழிக்குக் குறி வேறு, ஆனாலும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறாள். அதில் ஒரு தொல்லை. இந்தக் காலத்து ஏஐ, நாம் பாதியில் நிறுத்தினால் மீதியைத் தானே ஊகித்துச் சாம்பல் நிற எழுத்தில் காட்டும். ஒரு பட்டனை அழுத்தினால் அது நாம் எழுதியதாகவே ஆகிவிடும். அவள் மில் வேலையாக அந்தப் பக்கம் போய்க் கர்சர் அங்கே நின்றால் போதும், 'சொல்ல நெனச்சது' என்பதற்குப் பிறகு அது எழுத ஆரம்பித்துவிடுகிறதாம். ஒருநாள் 'நீதான் எனக்குப் பெருமை' என்று. இன்னொரு நாள் 'பத்திரமா இரு, அடிக்கடி வா' என்று.

"நல்லாத்தான் எழுதுது மாமா. அதான் பயமா இருக்கு" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, இந்த வாரம் அது என்ன எழுதிற்று என்று கேட்டேன்.

"படிக்கல மாமா. கைய வச்சு மறச்சிட்டேன்" என்றாள்.